முழு சூரிய கிரகணத்துக்குக் கேமராவைத் தயார் செய்தல்: அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது

முழு சூரிய கிரகணத்தில் படம் சொதப்புவதற்கான காரணங்களில் பாதிக்கு மேல் கிரகணத்தோடு சம்பந்தமே இல்லாதவை. ஃபோகஸ் நகர்ந்திருக்கும், கார்டில் எழுதி முடியாமல் கேமரா திணறும், ஃபில்டரைக் கழற்றும்போது லென்ஸ் அசைந்திருக்கும். இவையெல்லாம் சாதாரண நாளில், சாதாரணச் சூரியனை வைத்தே வரவழைத்துப் பார்க்கக்கூடிய கோளாறுகள். 2026 ஆகஸ்ட் 12 கிரகணத்தில் எங்கே நின்றாலும் முழு மறைவு 2 நிமிடம் 18 நொடியைத் தாண்டாது. அந்த நேரத்தில் மெனுவுக்குள் போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பாவது, எடுத்துப்போகப் போகும் அத்தனை சாமானையும் வெயிலில் நிறுத்தி, சூரிய ஃபில்டரைப் போட்டு, இரண்டரை மணி நேரம் ஓட்டிவிடுங்கள். பகுதி மறைவு தொடங்கியதிலிருந்து எல்லாம் முடிய ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு மூட்டை கட்டினால் சூட்டால் வரும் கோளாறு ஒன்றுகூடத் தலைகாட்டாது.

பாதுகாப்பைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃபில்டர் லென்ஸுக்கு முன்னால்தான் இருக்க வேண்டும். பின்னாலோ, வ்யூஃபைண்டர் பக்கமோ அல்ல. ஐஎஸ்ஓ 12312-2 என்ற தர முத்திரை போட்ட கிரகணக் கண்ணாடி வெறும் கண்ணுக்கு மட்டும். அதைப் போட்டுக்கொண்டு ஃபில்டர் இல்லாத லென்ஸ் வழியாகப் பார்த்தால், குவிந்து வரும் வெளிச்சம் அந்தக் கண்ணாடியையும் பொசுக்கி அதற்குப் பின்னால் இருக்கும் கண்ணையும் பொசுக்கும்.

திரை முழுக்கக் கருப்பு, சூரியனே அகப்படவில்லை

லென்ஸ் மூடி இன்னும் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சிரிக்க வேண்டாம், ஃபில்டருக்கு அடியில் மூடி இருந்தால் வெளியே தெரியாது.

மூடி இல்லை என்றால், லென்ஸ் சூரியனைப் பார்க்கவில்லை. 500 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் கேமரா என்றால் படச் சட்டத்துக்குள் வருவது அகலத்தில் சுமார் 4 டிகிரி, உயரத்தில் 3 டிகிரிகூட இல்லை. சூரியன் அரை டிகிரிதான். குத்துமதிப்பாகத் திருப்பினால் கிடைக்காது. லென்ஸ் குழாய் தரையில் விழுத்தும் நிழலைப் பாருங்கள். நீளமாக விழும் நிழல் சுருங்கிச் சுருங்கி வெறும் வட்டமாகும் இடத்தில் லென்ஸ் சூரியனை நேராகப் பார்க்கிறது. அப்போதும் தெரியவில்லை என்றால் கேமராவின் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளி உணரும் திறனை, தற்காலிகமாக 1600-க்கு ஏற்றுங்கள். ஃபோகஸ் எங்கோ இருந்தாலும் மங்கலான ஒரு வெளிச்சத் திட்டு கண்ணில் படும். ஜூம் லென்ஸ் என்றால் முதலில் விரித்துப் பிடித்துவிட்டு அப்புறம் நெருங்குவது சுலபம். குழாயின் ஓரமாகக் கண்ணை வைத்துக் குறி பார்ப்பது மட்டும் வேண்டாம்.

ட்ரைபாட் தலை அந்த உயரத்துக்குத் திரும்பவே மாட்டேன் என்கிறதா? இது இடத்தைப் பொறுத்த கோளாறு. 2027 ஆகஸ்ட் 2 கிரகணத்தில் எகிப்தின் லக்சரில் சூரியன் 82 டிகிரி உயரத்தில், கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல் இருக்கும். பல ட்ரைபாட் தலைகள் கீழ்நோக்கி 90 டிகிரி சாயும், மேல்நோக்கி அவ்வளவு சாயாது. கேமராவைத் தலையில் முன்பின்னாக மாற்றிப் பூட்டினால் அந்த 90 டிகிரி மேல்நோக்கிக் கிடைத்துவிடும். கேமரா உடல் ட்ரைபாட் காலில் இடிக்கிறதா என்பதையும் அதே கோணத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2026-ல் ஸ்பெயினில் இதற்கு நேர்மாறு: மேற்கு ஓரத்தில் 12 டிகிரி, பலேரிக் தீவுகளில் 2 டிகிரிதான். அங்கே பிரச்சினை ட்ரைபாட் அல்ல, எதிரே நிற்கும் மரமும் மலையும். முந்தைய நாள் அதே நேரத்தில் அதே இடத்தில் போய் நின்று பார்த்தால் தெரிந்துவிடும்; ஒரு நாளில் சூரியனின் பாதை கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறாது.

படம் மங்கல்

அதிகம் குழப்புவது இதுதான். மங்கலுக்கு நான்கு காரணங்கள் உண்டு, நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. ஃபோகஸ் வளையத்தில் கை வைப்பதற்கு முன் லைவ் வ்யூவில் சூரியனின் விளிம்பைப் பத்து மடங்கு பெரிதாக்கி அரை நிமிடம் சும்மா பாருங்கள்.

விளிம்பு கொதிப்பதுபோல் நெளிகிறது, ஒரு கணம் கூர்மையாகிறது, மறு கணம் கலைகிறது என்றால் அது காற்று. வெயிலில் காய்ந்த சிமென்ட் தரை, தார்ச் சாலை, கார் பானெட் இவற்றின் மேலாகச் சூரியனைப் பார்க்கிறீர்கள். ஃபோகஸை எவ்வளவு திருகினாலும் இது போகாது. புல்தரைக்கு நகருங்கள். சூரியன் தாழ்வாக இருந்தால் ஓரளவு சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

விளிம்பு அசையாமல் நிற்கிறது, ஆனால் சுற்றிலும் ஒரே மாதிரி மெத்தென்று இருக்கிறது என்றால் ஃபோகஸ். ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். லென்ஸில் போட்டிருக்கும் முடிவிலிக் குறியை நம்ப வேண்டாம். பல லென்ஸ்கள் அந்தக் குறியையும் தாண்டித் திரும்பும். சூரியக் கரும்புள்ளி ஏதாவது இருந்தால் அதை வைத்து, இல்லாவிட்டால் விளிம்பை வைத்து, கூர்மையான இடத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து நிறுத்துங்கள். பகுதி மறைவு தொடங்கிவிட்டால் பிறையின் இரண்டு முனைகளைப்போல் ஃபோகஸ் பார்க்க வசதியானது வேறில்லை. சரியான இடம் கிடைத்ததும் வளையத்தின் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

ஒட்டிய பிறகும் ஃபோகஸ் ஓடிவிடுகிறதா? மூன்று இடம் பார்க்கலாம். முதலாவது, மின் இணைப்பில் ஓடும் ஃபோகஸ் வளையம். மிரர்லெஸ் லென்ஸ்கள் பலவற்றில் வளையத்துக்கும் உள்ளே இருக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கேமரா தூங்கி எழுந்தாலே ஃபோகஸ் வேறு இடத்துக்குப் போயிருக்கும். இதற்கு டேப் உதவாது. தானாக அணைவதை நிறுத்த வேண்டும், ஃபோகஸ் நிலையை நினைவில் வைக்கும் வசதி மெனுவில் இருந்தால் அதைப் போட வேண்டும். இரண்டாவது, ஜூம் வளையம். லென்ஸை உயரத் தூக்கும்போது குழாய் தன் எடையிலேயே மெல்லச் சறுக்கும். அதற்கும் ஒரு டேப். மூன்றாவது, சூடு. வெயிலில் நின்ற லென்ஸ் விரியும். முழு மறைவை நெருங்கும்போது காற்று குளிரும். ஆகவே கிரகணத்துக்கு முந்தைய இரவு நட்சத்திரத்தில் வைத்த ஃபோகஸ் அப்படியே இருக்கும் என்று எண்ணக் கூடாது.

இந்தக் கோளாறு பெரிய ஆட்களையும் விட்டதில்லை. 1919 மே 29 கிரகணத்தில் நட்சத்திர ஒளி வளைவதை அளக்க பிரேசிலின் சோப்ரால் நகருக்குப் போன கிரீன்விச் குழு, முதன்மைத் தொலைநோக்கிக்கு ஃபோகஸை இரவிலேயே வைத்துவிட்டது. பகலில் எடுத்த பிளேட்டுகளில் நட்சத்திரங்கள் கலைந்து கிடந்தன. தொலைநோக்கிக்கு ஒளியைத் திருப்பிவிட்ட கண்ணாடி வெயிலில் சூடேறியதே காரணம் என்று கருதினார்கள். உபரியாகக் கொண்டுபோயிருந்த 4 அங்குல லென்ஸின் பிளேட்டுகள்தான் அவர்களைக் காப்பாற்றின. ஐன்ஸ்டீனின் கணிப்புக்குக் கிடைத்த நல்ல சான்றுகளில் அவையும் சேர்ந்தன. முழு மறைவுக்குப் பத்து நிமிடம் முன்பு ஃபோகஸை மறுபடி பார்ப்பது இதற்காகத்தான்.

மூன்றாவது வகை மங்கல் ஒரு திசையில் மட்டும் இழுபட்டிருக்கும். நீண்ட எக்ஸ்போஷரில் மட்டும் வருகிறது, எல்லாப் படத்திலும் ஒரே திசையில் இருக்கிறது என்றால் அது சூரியனின் நகர்வு. 500 மி.மீ. லென்ஸில் ஒரு நொடிக்குச் சூரிய பிம்பம் 0.036 மி.மீ. நகரும்; சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் சுமாராக 0.004 முதல் 0.006 மி.மீ. வரைதான். ஒரு நொடி திறந்தால் ஏழெட்டு பிக்சல் இழுபடும், 1/4 நொடி என்றால் இரண்டு. ட்ராக்கர் (வானத்தின் நகர்வோடு கேமராவைத் திருப்பும் கருவி) இல்லாதவர்கள் 1/4 நொடியோடு நிறுத்திக்கொண்டு, மீதியை ஐஎஸ்ஓவில் ஏற்றுவது நல்லது. ட்ராக்கர் இருந்தும் இழுபடுகிறது என்றால் அதன் அச்சு துருவத்தைப் பார்க்கவில்லை. பகலில் திசைகாட்டியை வைத்துச் செய்வதைவிட, முந்தைய இரவே நட்சத்திரத்தை வைத்துச் சரிசெய்து, ட்ரைபாட் கால்கள் நின்ற இடத்தைத் தரையில் குறித்துவைப்பது மேல்.

நான்காவது, ஆட்டம். இழுபட்ட திசை படத்துக்குப் படம் மாறும், உருவம் இரட்டையாகக்கூடத் தெரியும். ட்ரைபாட்டின் நடுக்கம்பத்தை இறக்குங்கள், கால்களை முடிந்தவரை குட்டையாக வையுங்கள், காற்றில் அடித்துக்கொள்ளும் கழுத்துப் பட்டையைக் கழற்றிவிடுங்கள். ட்ரைபாட்டில் நிற்கும்போது லென்ஸின் நடுக்கத் தடுப்பு அணைந்திருக்கட்டும். இல்லாத நடுக்கத்தைத் தேடி அதுவே படத்தை ஆட்டும் லென்ஸ்கள் உண்டு. ஷட்டரை விரலால் அழுத்த வேண்டாம், ரிமோட் போதும்.

எக்ஸ்போஷர் கணக்குக்கு ஒத்துவரவில்லை

தானியங்கி முறையில் விட்டிருந்தால் சூரியன் வெறும் வெள்ளைத் தட்டாகத்தான் வரும். சட்டத்தில் பெரும்பகுதி கருப்பு, கேமரா அதைப் பார்த்துக் கூடுதலாகத் திறக்கும். மேனுவலுக்குப் போய்விட்டு, ஆட்டோ ஐஎஸ்ஓவையும் அணைத்துவிடுங்கள். பலர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான்.

என்டி என்பது ஃபில்டர் ஒளியை எவ்வளவு குறைக்கிறது என்பதற்கான அளவு; என்டி 5.0 ஃபில்டர் சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்கை மட்டும் விடும். அதற்கு எஃப் 8, ஐஎஸ்ஓ 100-ல் ஷட்டர் வேகம் 1/400 நொடியை ஒட்டி வர வேண்டும். இந்த எண்ணை ஃபில்டருக்கான பரிசோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம். 1/6400 வரை போனால்தான் சரியாக வருகிறது என்றால் கையில் இருப்பது படம் எடுப்பதற்கு மட்டுமான என்டி 3.8, லைவ் வ்யூவில் பயன்படுத்தலாம், ஆப்டிகல் வ்யூஃபைண்டரில் கண் வைக்கக் கூடாது. அதற்கும் அடங்காமல் வெளுக்கிறது என்றால் அது சூரிய ஃபில்டரே அல்ல, உடனே லென்ஸைத் திருப்பிவிடுங்கள். அருவியைப் பால்போல எடுக்க வைத்திருக்கும் பத்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது அல்லது இரட்டிப்பாவது) ஃபில்டரை இங்கே மாட்டுபவர்கள் இருக்கிறார்கள். அது ஆயிரத்தில் ஒரு பங்கை விடும், அகச்சிவப்பைத் தடுக்கும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது.

நேற்று சரியாக இருந்த எண் இன்று இருட்டாக இருந்தால் மெல்லிய மேகம். இரண்டு மூன்று ஸ்டாப் ஏற்ற வேண்டியிருக்கும். பிறை மெலிந்து வரும்போதும் ஒரு ஸ்டாப் ஏற்றலாம், சூரியனின் ஓரம் நடுவைவிட மங்கல். சூரியன் ஆரஞ்சாகவோ நீலம் பாய்ந்தோ தெரிவது கோளாறே அல்ல, ஃபில்டரின் நிறம் அது. ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்தில் வைத்துவிட்டு ரா ஃபைலாக எடுங்கள்.

படத்தில் இரண்டாவது சூரியன், அல்லது ஓரமெல்லாம் புகை

சூரியனைச் சட்டத்தின் ஒரு மூலைக்கு நகர்த்திப் பாருங்கள். பேய் உருவம் எதிர் மூலைக்கு ஓடினால் உள்ளே பிரதிபலிப்பு. லென்ஸைப் பாதுகாக்கப் போட்டிருக்கும் யூவி கண்ணாடிதான் பெரும்பாலும் காரணம், கழற்றிவிடுங்கள்.

புகை மூட்டமாக இருந்தால் ஃபில்டரைக் கழற்றி இருட்டறையில் பிரகாசமான விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஊசிமுனை அளவு துளை ஒன்றிரண்டு தெரிந்தால் கறுப்பு மார்க்கரால் ஒரு புள்ளி வைத்தால் போதும். பூச்சு உரிந்திருந்தாலோ கீறல் நீளமாக இருந்தாலோ அதைத் தூக்கிப் போட வேண்டியதுதான். ஃபிலிம் வகை ஃபில்டரில் சுருக்கம் இருப்பது தப்பில்லை. அழகுக்காக இழுத்து ஒட்டினால்தான் படம் கெடும்.

ஃபில்டரை எடுத்ததும் சூரியன் சட்டத்தை விட்டுப் போய்விடுகிறது

திருகும் வகை ஃபில்டரின் தொல்லை இது. கழற்றப் போகும் நேரத்தில் மரை இறுகியிருக்கும். பலம் கொடுத்தால் லென்ஸ் திரும்பும், டேப் ஒட்டிய ஃபோகஸும் அதோடு போகும். செருகும் வகையே நல்லது. காற்றில் பறக்காமல் இருக்க இரண்டு பக்கம் சின்ன டேப், இழுத்ததும் வரும்படி டேப்பின் நுனியை மடித்துவிட்டு. திருகு வகைதான் இருக்கிறது என்றால் ஐந்து நிமிடம் முன்பே அரைச் சுற்றுத் தளர்த்திவையுங்கள்.

ஃபில்டரைக் கழற்றும் ஒத்திகையை மட்டும் நிஜச் சூரியனில் செய்யக் கூடாது. ஃபில்டர் இல்லாத நீண்ட லென்ஸ் சூரியனைப் பார்த்து நின்றால் ஷட்டர் திரையில் ஓட்டை விழலாம், அப்பெர்ச்சர் இதழ்கள் உருகலாம். பௌர்ணமி நிலவு இதற்கு நல்ல பதிலி, வானத்தில் சூரியனும் நிலவும் ஏறக்குறைய ஒரே அளவு. இருட்டில் நின்று ஃபில்டரைக் கழற்று, திரையைப் பார், நிலவு நடுவில் இருக்கிறதா? கை பழகும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கழற்றிய ஃபில்டரை எங்கே வைப்பது என்பதும் ஒத்திகையில் முடிவாக வேண்டும். கால் படும் இடத்தில் தரையில் வைத்தால் மூன்றாம் தொடுகைக்குப் பிறகு, அதாவது முழு மறைவு முடிந்ததும், மாட்ட ஃபில்டர் இருக்காது.

கேமரா நடுவில் நின்றுவிடுகிறது

சிவப்பு விளக்கு எரிகிறது, ஷட்டர் விழவில்லை என்றால் கார்டு எழுதி முடிக்கவில்லை. லென்ஸை மூடிவிட்டு, கிரகணத்தன்று எடுக்கப்போகும் அதே வேகத்தில் முழு மறைவு நீடிக்கும் நேரம் அளவுக்கு ஓட்டிப் பாருங்கள். திணறினால் ராவோடு ஜேபெக்கையும் சேர்த்துப் பதிவதை நிறுத்துங்கள், அதற்கும் அடங்காவிட்டால் வேகமான கார்டு.

விளக்கு எரியவில்லை, நீண்ட எக்ஸ்போஷருக்குப் பிறகு மட்டும் அதே அளவு நேரம் காத்திருக்கிறது என்றால் நீண்ட எக்ஸ்போஷர் இரைச்சல் குறைப்பு ஓடுகிறது. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு இருட்டுப் படம் எடுத்துக்கொள்கிறது. அணையுங்கள். குறித்த இடைவெளியில் தானாகப் படம் எடுக்கவைக்கும் இன்டர்வலோமீட்டர் படங்களைத் தாண்டிப் போகிறது என்றால் இடைவெளி எக்ஸ்போஷரைவிடச் சிறியதாக இருக்கும்.

மடிக்கணினியிலிருந்து இயக்குபவர்களுக்குத் தனியாக ஒன்று: கணினி தூங்கப் போனாலோ யூஎஸ்பி கேபிள் தளர்ந்தாலோ எல்லாம் நின்றுவிடும், திரும்ப இணையும்வரை கேமரா கையாலும் கேட்காது. கேபிளை ட்ரைபாட் காலோடு கட்டிவையுங்கள். நேரம் இன்னொரு சிக்கல். தொடுகை நேரங்கள் நிற்கும் இடத்துக்கு ஏற்ப மாறும், சில கிலோமீட்டர் நகர்ந்தாலே நொடிகள் பிசகும். கேமரா, கணினி கடிகாரங்களை ஜிபிஎஸ் நேரத்தோடு ஒப்பிடுங்கள். அதற்கு மேலும் நிலவின் விளிம்பில் இருக்கும் மலையும் பள்ளமும் ஒன்றிரண்டு நொடியைத் தின்னும். முழு மறைவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரே புள்ளியில் சூரியன் மின்னும் வைர மோதிரத்துக்கு முன்னும் பின்னும் தாராளமாக இடம் விட்டு நிரல் எழுதுங்கள்.

வெயிலில் கேமரா சூடேறி எச்சரித்தால் மேலே வெள்ளைத் துணி போடுங்கள். பேட்டரியை முழு மறைவுக்குக் கால் மணி நேரம் முன்பு மாற்றிவிடுங்கள், பாதி மீதி இருந்தாலும்.

முழு மறைவு நடக்கிறது, படம் மட்டும் வரவில்லை

எல்லாமே கருப்பா? ஃபில்டர் இன்னும் மாட்டியிருக்கிறது. மறைவின் பரபரப்பில் இதுதான் அதிகம் நடப்பது. இரண்டாம் தொடுகைக்கு, அதாவது முழு மறைவு தொடங்கும் கணத்துக்கு, 30 நொடி முன்பு கழற்றச் சொல்லியும், மூன்றாம் தொடுகையில் வைர மோதிரம் தோன்றியதும் மாட்டச் சொல்லியும் குரலைப் பதிந்து போனில் ஓட விடுங்கள். திரையைப் பார்க்க வேண்டிய அவசியம் இராது. கழற்றிய பின் மறைவு முழுமையாகும்வரை ஆப்டிகல் வ்யூஃபைண்டரில் கண் வைக்கக் கூடாது.

மறைந்த சூரியனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டமான கொரோனா நூல் அளவு வளையமாக மட்டும் வருகிறது, அல்லது நிலவைச் சுற்றி ஒரே வெள்ளையாக வெளுக்கிறது என்றால் கேமராவில் குறை இல்லை. கொரோனாவின் உட்பகுதிக்கும் வெளிப்பகுதிக்கும் ஒளியில் உள்ள வித்தியாசம் எந்த ஒற்றைப் படத்திலும் அடங்காது. எஃப் 8, ஐஎஸ்ஓ 100-ல் பெய்லி மணிகளுக்கு (நிலவின் விளிம்புப் பள்ளங்கள் வழியே தெரியும் ஒளிப் புள்ளிகள்) 1/3200, சூரிய விளிம்பில் எழும் சிவப்புச் சுடர்களுக்கு 1/800, உள் கொரோனாவுக்கு 1/200, கொஞ்சம் தள்ளி 1/50, அதற்கும் வெளியே 1/12, இன்னும் வெளியே 1/3 என்று ஏணிபோல ஏற வேண்டும். வெவ்வேறு எக்ஸ்போஷரில் அடுத்தடுத்து எடுக்கும் பிராக்கெட்டிங் வசதி ஐந்து படம்தான் தரும் என்றால் ஐஎஸ்ஓ 200-ல் 1/100-ஐ நடுவில் வைத்து, இரண்டு ஸ்டாப் இடைவெளி கொடுங்கள்: 1/1600-லிருந்து 1/6 வரை கிடைக்கும், இழுபடவும் இழுபடாது.

ஃபிளாஷ் மின்னுகிறதா, ஃபோகஸ் உதவி விளக்கு எரிகிறதா? அணைக்க நேரமில்லை என்றால் கையால் மூடுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் திட்டுவதை நிறுத்துவார்கள்.

இவற்றைத் தவிர வேறு எந்தக் கோளாறு வந்தாலும் ஒரே ஒரு முயற்சிதான்: கேமராவை அணைத்துப் போடுவது. பத்து நொடியில் உயிர் வரவில்லை என்றால் அதை விட்டுவிட்டு வானத்தைப் பாருங்கள். மின் இணைப்பு ஃபோகஸ் லென்ஸ் என்றால் உயிர் வந்த பிறகும் ஃபோகஸ் ஓடியிருக்கும், விளிம்பை ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தொடருங்கள். மூன்றாம் தொடுகை வந்ததும், கேமரா ஓடினாலும் ஓடாவிட்டாலும், லென்ஸுக்கு முன்னால் முதலில் ஃபில்டர்.